மருந்தும் டூட்டியும்

வேணு செத்து நாற்பத்தோராம் நாளும் வள்ளி நெல் மண்டி வாசலுக்கு வந்து நின்றாள். கையில் கோணி ஊசியும் சணல் உருண்டையும் இருந்தன. தைக்கத்தான் சாக்கு இல்லை. புருஷன் வேணு மூட்டை தூக்குவான், அவள் வாசலில் உட்கார்ந்து கிழிந்த சாக்குகளுக்கு ஒட்டுப் போடுவாள். பதினாறு வருஷம் அப்படித்தான் ஓடியது. நஷ்ட ஈடு கேட்டு லேபர் ஆபீசில் மனு கொடுத்த மறுநாளே முதலாளி சகாதேவன் அவளுக்கு ஒரு சாக்கும் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவள் அப்படியும் வந்தாள். வெயில் ஏறினால் வேப்பமரத்து நிழலுக்குப் போவாள். நிழல் நகர்ந்தால் அவளும் நகர்வாள்.

"மேஸ்திரி வந்துட்டாரா கருப்பண்ணா?"

"வர்ற நேரந்தான்."

"நோட்டு?"

நான் சும்மாட்டைப் பிரித்துத் திரும்பச் சுற்றினேன். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்றால் கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.

மேஸ்திரி கண்ணாயிரத்தை ஊரில் அவில்தார் என்பார்கள். உள்ளபடி அவர் லான்ஸ் நாயக். ஒற்றைப் பட்டை. வெள்ளைக்காரன் பட்டாளத்தில், பயனியர் கம்பெனியில், பர்மா எல்லையில் ரோடு போடுகிற வேலை. துப்பாக்கி பிடித்ததைவிட மண்வெட்டி பிடித்ததுதான் ஜாஸ்தி என்று அவரே சொல்வார். சண்டை முடிந்து வந்தவர் இந்த மண்டியில் மூட்டை தூக்கி, பிறகு மேஸ்திரி ஆனார். எழுபத்து மூன்று வயது. முதுகு வளையவில்லை.

எங்கள் பதினோரு பேரையும் அவர் பட்டாளத்து முறையில்தான் நடத்தினார். காலை ஆறு மணிக்கு "பாலின்" என்பார். வரிசையாக நிற்க வேண்டும். யாருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். நான் நாலு, வேணு ஏழு. பிறகு "சிக் ரிப்போர்ட் யாரு?" என்பார். உடம்பு சரியில்லாதவன் ஓர் அடி முன்னால் வர வேண்டும். அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நீள நோட்டில் அவன் நம்பருக்கு நேராக இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவார். ஈ.டி. என்றால் வேலை கிடையாது, வீட்டுக்குப் போகலாம். எல்.டி. என்றால் லேசான வேலை, குடோன் பெருக்குவது, சிந்தின நெல்லை அள்ளுவது. சொல்லாமல் நின்றுவிட்டவனுக்கு ஏ.டபிள்யூ.எல். எம்.டி. என்று எழுதினால் தன் தகர டப்பாவிலிருந்து ஒரு மாத்திரை கொடுப்பார், விழுங்கிவிட்டு மூட்டைக்குப் போக வேண்டும். நாங்களும் வீட்டில் அப்படியே பேசப் பழகியிருந்தோம். எட்டாம் நம்பர் குமரேசனின் பெண்டாட்டி, "இன்னிக்குச் சமையல் கிடையாது, நான் ஈ.டி." என்பாள்.

நான் தமிழ் எழுத்துப் படித்தது நாற்பது வயதில், அறிவொளி வகுப்பில். இங்கிலீஷில் தெரிந்ததெல்லாம் அந்த நோட்டில் இருந்த எழுத்துகள் மட்டும்தான்.

வேணு செத்தது சித்ரா பௌர்ணமி அன்று. அன்றைக்கு மலை சுற்ற ஜனம் லட்சக்கணக்கில் வரும். காலை ஒன்பது மணிக்கு மேல் லாரி எதையும் போலீஸ் உள்ளே விடாது. மண்டிக்கு லீவு. ஆனால் முந்தின நாள் வர வேண்டிய நெல் லோடு அவலூர்பேட்டையில் டயர் வெடித்து நின்று, விடியற்காலையில் வந்து சேர்ந்தது. இருநூற்று இருபது மூட்டை. ஒன்பது மணிக்குள் இறக்கி, லாரியை ஊருக்கு வெளியே அனுப்ப வேண்டும். ஆள் ஏழு பேர்தான் வந்திருந்தோம்.

மேஸ்திரி வழக்கம் போல "சிக் ரிப்போர்ட்" என்றார். வேணு ஓர் அடி முன்னால் வந்தான்.

"நெஞ்சு அடைக்கறாப்ல கீது மேஸ்திரி. தோளு வரிக்கும் இழுக்குது."

மேஸ்திரி லாரியைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். டப்பாவைத் திறந்து மாத்திரையை நீட்டினார். நோட்டில் எழுதினார். நான் பக்கத்தில் நின்றதால் பார்த்தேன். எம்.டி.

வேணு பதினெட்டு மூட்டை தூக்கினான். குடோனில் மூட்டைகளை அட்டியாக அடுக்கிக்கொண்டிருந்தோம், எட்டாவது அடுக்கு. பலகை மேல் ஏறும்போது மூட்டையோடு உட்கார்ந்தான். எவனோ சிரித்தான். வேணு அப்புறம் எழுந்திருக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக ஆட்டோ கிடைக்கவில்லை, ரோடெல்லாம் ஜனம். மூட்டை இழுக்கும் வண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு போனோம். "அரோகரா" என்று கத்திக்கொண்டு எதிரே வந்தவர்கள் வழி விட்டார்கள். போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

மூன்றாம் நாள் சகாதேவன் சொன்னார், அன்றைக்கு மண்டி லீவு, லாரி எதுவும் வரவில்லை, வேணு மலை சுற்ற வந்து குடித்துவிட்டு வெயிலில் விழுந்தான் என்று. அதை டைப் அடித்துக் கொண்டுவந்து அன்றைக்கு வந்த ஆறு பேரிடமும் நீட்டினார். மற்றவர்கள் கைநாட்டு வைத்தார்கள். எனக்குக் கையெழுத்து வரும். எழுத்துக் கூட்டி முழுசாகப் படித்தேன். படித்துவிட்டுத்தான் போட்டேன். வீட்டில் ரெண்டு பிள்ளைகள், மண்டியை விட்டால் வேறு வேலை தெரியாது. காரணம் சொல்ல எவ்வளவோ இருக்கிறது.

அதை வள்ளியிடம் நானே போய்ச் சொன்னேன்.

"படிச்சிட்டா போட்டே?"

"ஆமா."

"கைநாட்டு வச்சவங்களாவது தெரியாம வச்சாங்கன்னு நெனச்சிக்கலாம்" என்றாள்.

மனு எழுதிக் கொடுத்த அன்பரசன் கோர்ட்டுக்கு எதிரே டைப் அடிப்பவர். அவர்தான் வழி சொன்னார். "வாய்ச்சொல்லுக்கு வாய்ச்சொல் சரியாப் பூடும்மா. அன்னிக்கு வேலை நடந்துச்சின்னு காட்ட எழுத்துல எதுனா கீதா?"

எழுத்தில் இருந்தது ஒன்றுதான். மேஸ்திரியின் நோட்டு.

அந்த நோட்டை மேஸ்திரி இன்றைக்குத் தருகிறேன், நாளைக்குத் தருகிறேன் என்றார். வீட்டில் எங்கேயோ வைத்துவிட்டேன் என்றார். மண்டிக்குப் புது நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தார். அதில் ஏழாம் நம்பரே இல்லை. ஆறுக்கு அப்புறம் எட்டு.

அவரும் முன்னே மாதிரி இல்லை. ஒரு இடத்தில் நிற்க மாட்டார். லாரியைச் சுற்றி வருவார், அட்டியைச் சுற்றி வருவார், எண்ணி முடித்ததைத் திரும்ப எண்ணுவார். "பாலின்" சொல்லிவிட்டு "டிஸ்மிஸ்" சொல்ல மறந்துவிடுவார், நாங்கள் நின்றுகொண்டே இருப்போம். முதலாளி அவருக்கு வாட்ச்மேன் நாற்காலி தருவதாகச் சொல்லியிருக்கிறார், அதான் நோட்டு காணாமல் போய்விட்டது என்று மண்டியில் பேச்சு.

விசாரணைக்கு நாலு நாள் இருக்கும்போது வள்ளி சொன்னாள், "இன்னிக்கு மேஸ்திரி ஊட்டுக்கே போறேன். நீயும் வா கருப்பண்ணா. கையெழுத்து போட்டதுக்கு இதையாவது செய்."

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி அவருக்கு ஒற்றை அறை. பெண்டாட்டி போய் வெகுநாள் ஆயிற்று. சாயங்காலம் நாலு மணி, ஆனி மாதத்துக் காற்று மலையிலிருந்து இறங்கி ரோட்டுப் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. வள்ளியோடு அவள் மகள் அபிநயாவும் வந்தாள், பத்தாவது முடித்த பெண். மேஸ்திரி கேழ்வரகுக் களி கிளறிக்கொண்டிருந்தார். முருங்கைக்கீரை ஆய்ந்து முறத்தில் கிடந்தது.

"உக்காரு வள்ளி. களி ஆயிடுச்சி. ஒரு உருண்டை போட்டுத் தரேன்."

"களி துன்ன வரல மாமா."

"தெரியும்."

"தெரியுதில்ல. அப்ப குடுங்க."

"தேடிகினுதாம்மா கீறேன்."

அபிநயா அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு பாய், ஒரு அடுப்பு, ரெண்டு சட்டி, ஒரு தகரப் பெட்டி. பெட்டி மேல் வெள்ளைப் பெயிண்டில் நம்பரும் எழுத்துகளும் தேய்ந்து கிடந்தன.

"இந்த ஒரு ரூம்ல எங்க தாத்தா தேடிகினு கீறீங்க, நாப்பது நாளா?"

மேஸ்திரி துடுப்பால் இன்னும் வேகமாகக் கிளறினார். களி அடி பிடிக்கிற வாசனை வந்தது.

"முதலாளி இன்னா தரேன்னாரு?" என்றாள் வள்ளி. "நாற்காலிதானே? நல்லா சாஞ்சி உக்காருங்க. எங்க ஊட்டுக்காரரு ஏழாம் நம்பருன்னு கூப்ட்டா நாய்க்குட்டி மாதிரி ஓடியாந்தாரு. நீங்க போ மேலன்னா போனாரு. செத்தவனைக் குடிகாரன்னு ஊரே சொல்லுது. அவரு வாயில சாராயம் வச்சி யாருனா பாத்தாங்களா? நீ பாத்தியா மாமா?"

கோபத்தில் 'நீ' வந்துவிட்டது. அவர் அதைக் கவனித்த மாதிரியே இல்லை.

"பாக்கல. வேணு குடிக்க மாட்டான்."

"அதைப் போய்ச் சொல்லுங்களேன்."

"நாற்காலிக்கு ஆசைப்பட்டிருந்தா இந்நேரம் உக்காந்துகினு இருப்பேன் வள்ளி. வாணான்னு சொல்லி பத்து நாளு ஆவுது."

"அப்புறம் இன்னாத்துக்கு ஒளிச்சி வச்சிகினு கீறீங்க?"

அவர் களியைத் திரும்பக் கிளற ஆரம்பித்தார். வள்ளி எழுந்து மகளை இழுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் செருப்பு மாட்டும்போது, "நில்லு நாலு" என்றார்.

நின்றேன்.

"அன்னிக்கு நான் எழுதனதை நீ பாத்தே."

"பாத்தேன். எம்.டி."

"அதுக்கு இன்னா அர்த்தம், சொல்லு பாப்போம்."

"மாத்திரையும் குடுத்து வேலைக்கும் அனுப்பறது."

"அவ்ளோதான்னு நெனச்சிகினு கீறே இல்ல?"

அவர் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கினார், திரும்ப ஏற்றினார், திரும்ப இறக்கினார்.

"போ. பஸ்ஸு பூடும்" என்றார்.

விசாரணை வேங்கிக்கால் பக்கம் ஒரு புதுக் கட்டடத்தில். சுவரில் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஆபீசர் அம்மா, ஒரு பக்கம் சகாதேவனும் அவர் வக்கீலும், இந்தப் பக்கம் வள்ளியும் அன்பரசனும். நான் கதவோரம் நின்றேன். ஃபேன் சுற்றுகிற சத்தத்தில் ஆபீசர் பேசியது பாதிதான் கேட்டது.

வக்கீல் டைப் அடித்த தாளைக் கொடுத்தார். ஆபீசர் படித்துவிட்டு, "இதுல கையெழுத்து ஒண்ணுதான் இருக்கு. கருப்பன் யாரு?" என்றார்.

முன்னால் போனேன்.

"நான்தாங்க. அது பொய்ங்க. அன்னிக்கு லோடு இறக்கனோம். தெரிஞ்சேதான் போட்டேன்."

சகாதேவன் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். வக்கீல் எழுந்தார். "இன்னிக்கு இப்படிச் சொல்றவரு நாளைக்கு வேற மாதிரி சொல்லுவாரு மேடம். வேலை நடந்ததுக்கு ஒரு துண்டுச் சீட்டு இருக்கா?"

ஆபீசர் வள்ளியைப் பார்த்தார். வள்ளி தலை குனிந்தாள்.

"இருக்குதுங்க" என்றது கதவுப் பக்கத்துக் குரல்.

மேஸ்திரி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். துணிப்பையிலிருந்து நீள நோட்டை எடுத்து மேசை மேல் வைத்தார். அந்த நாளின் பக்கத்தில் கலர் நூல் வைத்திருந்தார், புரட்டாமல் நேராகப் பிரிந்தது. ஒரு அடி பின்னால் வந்து கையைப் பக்கவாட்டில் ஒட்டி நின்றார்.

ஆபீசர் விரலை வைத்துப் பார்த்தார். "தேதி சரியா இருக்கு. ஏழாம் நம்பர்தான் இறந்தவரா? எம்.டி.ன்னு போட்டிருக்கே, என்ன அது?"

"மெடிசின் அண்டு டூட்டிங்க. மருந்து குடுத்து டூட்டிக்கு அனுப்பறது. பட்டாளத்துல சிக் ரிப்போர்ட் நோட்டுல அப்படித்தான் போடுவோம்."

வள்ளி நிமிர்ந்தாள். அன்பரசன் மேசைக்கு அடியில் என் கையைத் தட்டினார். அவ்வளவுதான், வேணு வேலைக்கு வந்தது எழுத்தில் வந்துவிட்டது. அதோடு மேஸ்திரி உட்கார்ந்திருக்கலாம்.

வக்கீல் விடவில்லை. "அப்ப காலையிலேயே உடம்பு சரியில்லாம வந்திருக்காரு. சொந்த வியாதி. மூட்டையால இல்ல. அப்படித்தானே பெரியவரே?"

மேஸ்திரி கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார்.

"முழுசா சொல்லிடறேன்ங்க. பட்டாளத்துல நெசமாவே உடம்பு சரியில்லன்னா ஈ.டி.யோ எல்.டி.யோ போடுவாங்க. எம்.டி. யாருக்குன்னா, இவனுக்கு ஒண்ணுமில்ல, வேலைக்குப் பயந்துகினு நடிக்கறான்னு டாக்டருக்குத் தோணனாதான் அதைப் போடுவாரு. மாத்திரை பேருக்கு. எந்த வலிக்கும் ஒரே மாத்திரைதான்."

ஆபீசர் அதை எழுதிக்கொண்டார். மேஸ்திரி நிறுத்தவில்லை.

"வேணு அதுக்கு ஆறு நாளைக்கு முன்ன சொல்லாம லீவு போட்டான். அந்தக் கோவம் எனக்கு இருந்திச்சி. லோடு நின்னுகினு கீது, ஒம்போது மணிக்கு ரோடு மூடிடுவான். நெஞ்சு வலிக்குதுன்னான். நடிக்கறான்னு நெனச்சேன். நான்தான் மேல ஏத்தனேன். முதலாளி வச்ச மேஸ்திரி நான், முதலாளி லோடு அது. பதினெட்டு மூட்டை. நோட்டுலயே கீதுங்க கணக்கு."

ஆபீசர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். "தொட்டுப் பார்த்தீங்களா அவரை? கையையாவது பிடிச்சிப் பார்த்தீங்களா?"

"இல்லீங்க."

"ஏன்?"

"நோட்டு கையில இருந்திச்சிங்க."

அப்புறம் அவராகவே சொன்னார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "மணிப்பூர் ரோட்டுல எங்க கம்பெனில ராமன்னு ஒருத்தன், போளூர்க்காரன். மூணு நாளு காய்ச்சல்னு சிக் ரிப்போர்ட்ல நின்னான். மூணு நாளும் எம்.டி. நாலாம் நாளு எந்திரிக்கல. அந்த நோட்டை எழுதிகினு இருந்தவன் நான்தான். டாக்டர் சொன்னாரு, நான் எழுதனேன்னு அம்பது வருசமா சொல்லிகினு இருந்தேன். இந்தத் தபா சொன்னதும் நான், எழுதனதும் நான்."

ஆபீசர் எழுதிக்கொண்டே இருந்தார். நோட்டை இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். மேஸ்திரி தலையை ஆட்டினார்.

வெளியே புளியமரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றோம். காற்று ஓயவில்லை, வள்ளியின் முந்தானை படபடத்தது. மேஸ்திரி பத்தடி தள்ளி நின்றார். வள்ளியே அவரிடம் போனாள்.

"நடிக்கறாருன்னா நெனச்சீங்க?"

"ஆமாம்மா."

"நாற்காலியே வாங்கியிருக்கலாம் நீங்க" என்றாள். "எனக்கு அது தேவலாம்."

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. அடி அண்ணாமலைக்கு நடந்தே போயிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

ஆடி கடைசியில் உத்தரவு வந்தது. வேணு வேலையில் இருக்கும்போதுதான் செத்தான், மண்டிதான் பொறுப்பு என்று இருந்தது. தாளை அபிநயா படித்தாள். "வேலையில் இருக்கும்போது" என்ற இடத்தை வள்ளி திரும்பப் படிக்கச் சொன்னாள். நாலு தரம். சகாதேவன் அப்பீல் போகலாமா என்று வக்கீலைக் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். வள்ளிக்குச் சாக்கும் வந்தது. மண்டிக்கு அவளைப் போல ஒட்டுப் போட ஆள் கிடைக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

சகாதேவன் என்னை வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று பயந்தேன். நிறுத்தவில்லை. மேஸ்திரியிடமிருந்து புது நோட்டை வாங்கி என்னிடம் கொடுத்தார். "படிச்சவனாச்சே. நீயே எழுது" என்றார். குத்திக் காட்டினாரா, உள்ளபடி சொன்னாரா தெரியவில்லை. மேஸ்திரி அதற்கப்புறம் மேஸ்திரி இல்லை. சிந்தின நெல் அள்ள, தார்ப்பாய் மடிக்க வந்துபோனார். ஒரு நாளும் லீவு போடவில்லை. காலை ஆறு மணிக்கு வரிசையின் கடைசியில் நிற்பார், காலியாகக் கிடந்த ஏழாம் நம்பர் இடத்துக்கு வர மாட்டார்.

ஆவணியில் ஒரு காலை. ராத்திரியெல்லாம் மழை பிடித்து விடியலில் விட்டிருந்தது. செங்கத்து லோடு வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். எனக்குப் "பாலின்" என்று சொல்ல வெட்கம், "வாங்கப்பா" என்பேன். பிறகு, "யாருக்குனா முடியலையா?" என்றேன்.

குமரேசன் வயிற்றைப் பிடித்தான். "வலிக்குதுண்ணா."

"உனக்கு வாரத்துல ரெண்டு நாளு வலிக்குதே."

"அதுக்கு நான் இன்னா பண்ணட்டும், வயித்தைக் கேளு."

எல்லாரும் சிரித்தார்கள். லாரியைப் பார்த்தேன். ரோட்டைப் பார்த்தேன். அப்போதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது. "போ, ஊட்டுக்குப் போ" என்றேன்.

வரிசைக் கடைசியில் கண்ணாயிரம் ஆடிக்கொண்டு நின்றார். உதடு காய்ந்திருந்தது. தார்ப்பாயை மடிக்கக் குனிந்தவர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா மேஸ்திரி, உடம்புக்கு?"

"ஒண்ணுமில்ல நாலு. ராத்திரி நனைஞ்சேன், ஒரு மாத்திரை போட்டுகினா சரியாப் பூடும். எம்.டி.ன்னு எழுதிக்கோ. டூட்டிக்கு நிக்கறேன்."

நான் பேனாவைத் திறந்தேன்.

வேப்பமரத்தடியில் ஈரச் சாக்குக் குவியலுக்கு நடுவில் வள்ளி உட்கார்ந்திருந்தாள். விசாரணைக்கு அப்புறம் அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊசியைச் சாக்கில் குத்தி இழுத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"தொட்டுப் பாத்துட்டு எழுது கருப்பண்ணா."

நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் நெற்றியில் கையை வைத்தேன். கொதித்தது. எழுபத்து மூன்று வயதுக்காரர், கையை வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். வாங்கிப் பழக்கமில்லாத எதையோ கையில் கொடுத்த மாதிரி நின்றார்.

'கண்ணாயிரம். காய்ச்சல். வீட்டுக்குப் போனார்' என்று தமிழில், முழுசாக எழுதினேன். எழுதியதை உரக்கப் படித்தேன்.

அவர் அசையவில்லை. டிரைவர் திரும்ப ஹாரன் அடித்தான்.

வள்ளி சணலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எழுதியாச்சில்ல மாமா," என்றாள், "போங்க."